அடைப்புக்குறி உறைய வைத்த நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரிக்க ஏற்றுக்கொண்ட ஒரு முன்பதிவுத் தளத்தில், அன்று வந்த விண்ணப்பங்கள் அத்தனையும் காலை 9.14 மணிக்கே பதிவானதாகத் தரவுத்தளம் காட்டியது. உற்றுப் பார்த்தபோது, விநாடியின் பின்னத்தில் மட்டும் வேறுபடும் மூன்று நேரங்கள் மாறி மாறி வந்திருந்தன. சர்வரில் ஓடிய வொர்க்கர்களும், அதாவது தள நிரலின் இணைப் பிரதிகளும், மூன்றுதான்.

தளம் எழுதப்பட்டது பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில். அட்டவணையின் புலங்களை விவரிக்கும் மாடலில், அந்த நேரப் புலத்தின் டிஃபால்ட்டாக, அதாவது மதிப்பு தரப்படாதபோது தானாக நிரம்புவதாக, இப்போதைய நேரத்தைத் தரும் ‘டைம்சோன்.நவ்’ செயற்கூறின் பெயரை மட்டும் எழுதாமல், பின்னால் அடைப்புக்குறியும் போட்டிருந்தார்கள். பெயரை மட்டும் தந்தால் ஒவ்வொரு பதிவு உருவாகும்போதும் ஜாங்கோ அதை அழைத்து நேரத்தைக் கேட்கும். அடைப்புக்குறி போட்டுவிட்டால், கோப்பு ஏற்றப்படும் கணத்திலேயே பைத்தான் அதைக் கணக்கிட்டு முடித்துவிடுவதால், வொர்க்கர் எழுந்த நேரமே அடுத்த ரீஸ்டார்ட் வரை எல்லாப் பதிவுகளிலும் ஒட்டிக்கொள்ளும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் டிஃபால்ட் மாறியதாக ஜாங்கோவுக்குத் தெரியும். ஆகவே, மாடலில் எதையும் தொடாமலே, மாடலின் மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்லும் மைக்ரேஷன் கோப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக முளைத்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜாங்கோவும் டபிள்யூ161 என்று எச்சரிக்கத்தான் செய்கிறது. அதை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஜேசான் வடிவத் தரவை வைக்கும் புலத்துக்கு வெற்று ‘டிக்ட்’ (பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பு) ஒன்றையே டிஃபால்ட்டாகத் தருவதும் இதே இனத்துப் பிழை: எல்லாப் பதிவுகளும் ஒரே பொருளைப் பகிர்ந்துகொள்ளும்.

மாடலில் எழுதிய டிஃபால்ட் தரவுத்தளத்திலும் இருக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். அது பைத்தான் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே, ஜாங்கோவைத் தவிர்த்து, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் வழியாக நேரடியாக வரிசைகளை ஏற்றினால், அந்தப் புலம் காலியாக இருக்கக்கூடாது என்ற பிழையோடு ஏற்றம் நின்றுபோகும். 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0-இல் ‘டிபி_டிஃபால்ட்’ சேர்ந்த பிறகுதான், மதிப்பை நிரப்பும் பொறுப்பைத் தரவுத்தளத்திடமே விடுவது மாடலிலேயே சாத்தியமானது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஏற்கெனவே வரிசைகள் உள்ள அட்டவணையில் கட்டாயப் புலம் ஒன்றைச் சேர்க்கும்போது, பழைய வரிசைகளில் என்ன போடுவது என்று மைக்ரேஷன் கேட்கும். அவசரத்தில் 0 என்று தட்டி நகர்ந்துவிடுகிறோம். வயதுப் புலத்தில் அப்படிச் செய்தால், சராசரி வயது சரிவதோடு, எந்த 0 கைக்குழந்தை, எந்த 0 கேட்கப்படாத கேள்வி என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் நான் அந்தப் புலத்தை முதலில் வெறுமையை ஏற்பதாகச் சேர்த்து, உண்மையான மதிப்புகள் வந்து சேர்ந்த பிறகே, இன்னொரு மைக்ரேஷனில் கட்டாயமாக்குகிறேன்.