'மத்திய முன்கூட்டிய பூப்பு' வேண்டாம், 'மூளைவழி முந்துபருவம்' என்போம்

போன மாதம் நாத்தனார் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினாள். மருத்துவமனையில் கொடுத்த தகவல் தாள். அதில் ஒரு வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்: "மத்திய முன்கூட்டிய பூப்பு சந்தேகிக்கப்படுவதால் குழந்தைக்கு மூளை இமேஜிங் பரிந்துரைக்கப்படுகிறது." குழந்தைக்கு ஐந்தரை வயது. மார்பு லேசாகத் தடித்திருக்கிறதே என்று காட்டப் போயிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணி, மத்தியன்னா நடு ஸ்டேஜா? ஆரம்பத்துல கவனிக்காம விட்டுட்டோமா? இவ இன்னும் வயசுக்கே வரலையே, பூப்புன்னு போட்டிருக்கே? அதுக்கு எதுக்குத் தலைய ஸ்கேன் பண்ணணும்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஒவ்வொரு கேள்வியும் அந்த வரியிலுள்ள ஏதோ ஒரு சொல் கிளப்பிவிட்டது. இதே தொடரைத் தகவல் தாள்களிலும் நலவாழ்வுக் கட்டுரைகளிலும் பல தடவை பார்த்து, முணுமுணுத்துவிட்டுக் கடந்திருக்கிறேன். ஒரு தாயின் குரலில் பயமாகக் கேட்ட பிறகு கடக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'சென்ட்ரல் பிரிகோஷியஸ் பியூபர்ட்டி'. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கினால், சீக்கிரம் என்று கணக்கு. 'பியூபர்ட்டி' லத்தீனில் வளர்ந்த ஆளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'பிரிகோஷியஸ்' இன்னும் சுவையானது. 'முன்' என்ற பொருள் தரும் ஒட்டும், 'சமைத்தல், பழுத்தல்' என்ற பொருள் கொண்ட வினையும் சேர்ந்தது. முன்னதாகவே பழுத்தது என்று அர்த்தம். ஆப்ரிகாட் பழத்தின் பெயரும் இதே வேரிலிருந்து சுற்றி வந்ததுதான். நாமும் 'பெண் சமைந்துவிட்டாள்' என்கிறோம்; 'பிஞ்சில் பழுத்தது' என்கிறோம். இரண்டு மொழிக்கும் உறவு இல்லை, ஒரே உவமை இரண்டு இடத்திலும் தோன்றியிருக்கிறது. ஆனால் தமிழில் 'பிஞ்சில் பழுத்தது' வசைச்சொல். ஐந்தரை வயதுக் குழந்தையின் பக்கத்தில்கூட அது வரக் கூடாது.

சரி, 'பூப்பு'. அழகான பழைய சொல். "பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்" என்று தொல்காப்பியக் கற்பியலிலேயே வருகிறது. அங்கே அதற்கு மாதவிடாய் என்றுதான் பொருள். இன்றைக்கும் பூப்பெய்தினாள் என்றால் முதல் மாதவிடாய் வந்தது என்றே எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பியூபர்ட்டி ஒரு நாள் நிகழ்ச்சி இல்லை. பெண் குழந்தைகளில் பெரும்பாலும் மார்பு மொட்டுவிடுவதில் தொடங்குகிறது. முதல் மாதவிடாய் அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டு கழித்துத்தான் வரும். 'பூப்பு' என்று எழுதினால், "இன்னும் வரவில்லையே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெற்றோர் காத்திருப்பார்கள். காத்திருக்கக் கூடாத காலம் அதுதான். எலும்பு வேகமாக முதிர்ந்து, எலும்பு நீளக் காரணமான வளர்நுனிகள் முன்னதாகவே மூடிக்கொண்டால், இன்று வகுப்பிலேயே உயரமாக நிற்கும் குழந்தை நாளை குட்டையாக நின்றுவிடும்.

பையன்கள் கதை இன்னும் மோசம். பையனுக்கு ஏது பூப்பு? இது பெண் பிள்ளைகளின் பிரச்சினை என்று அந்தச் சொல் முடிவு கட்டிவிடுகிறது. பையன்களுக்கு இது அரிதாகவே வருகிறது என்பது உண்மை. ஆனால் வந்தால், ஸ்கேனில் ஏதாவது ஒரு காரணம் தென்படும் வாய்ப்பு பெண் குழந்தைகளைவிட அவர்களுக்குத்தான் அதிகம். சொல் சரியாக அந்த இடத்தில் கண்ணை மறைக்கிறது.

'முன்கூட்டிய' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முன்கூட்டியே சொன்னான், முன்கூட்டியே திட்டமிட்டான் என்போம். யாரோ யோசித்துச் செய்த வேலைக்கு உரிய சொல். குழந்தையின் உடம்பு திட்டம் போட்டா வளர்கிறது? அது முந்திக்கொள்கிறது. ஆகவே 'முந்துபருவம்'. 'அகாலப் பூப்பு' என்று எழுதுபவர்களும் உண்டு. அகாலம் என்றதும் மரணம் ஞாபகத்துக்கு வருகிற மொழியில் அதையும் ஒதுக்கிவிடலாம்.

என் முக்கியச் சண்டை 'மத்திய' என்பதோடுதான்.

மத்திய அரசு, மத்திய சிறை, மத்திய பேருந்து நிலையம். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டால் ஒன்று அதிகாரம் தோன்றும், அல்லது இடத்தின் நடு தோன்றும், அல்லது நாத்தனாருக்குத் தோன்றியதுபோல ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட கட்டம் தோன்றும். மூளை மட்டும் தோன்றவே தோன்றாது. ஆங்கிலத்தில் 'சென்ட்ரல்' என்பது இங்கே தனிச்சொல் இல்லை. 'மத்திய நரம்பு மண்டலம்' என்ற நீண்ட பெயரின் தலை மட்டும். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது அந்த மண்டலம். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும்போது வாலை வெட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வெட்டிய வால் தெரியும். மொழிபெயர்ப்பாளர் மிஞ்சிய தலையை மட்டும் பார்த்து, அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார். சொல்லைப் பெயர்த்தார், அது எதைச் சுட்டுகிறது என்று பார்க்கவில்லை.

நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது விட்டுவிட்டு, துடிப்பு துடிப்பாக ஒரு ஹார்மோனை அனுப்பும். அதைப் பெற்று, கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை சினைப்பையையோ விரையையோ எழுப்பும். குழந்தைப் பருவம் முழுவதும் இந்தக் கட்டளை அடங்கிக் கிடக்கிறது. அது சீக்கிரமே விழித்துவிட்டால் 'சென்ட்ரல்' வகை. மூளை சும்மா இருக்க, சினைப்பைக் கட்டியோ சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியோ வெளியிலிருந்து உடம்பில் சேர்ந்த ஹார்மோனோ இந்த மாற்றங்களைக் கொண்டுவந்தால் அது வேறு வகை. எது என்று ரத்தத்தில் எல்.எச். அளவைப் பார்த்துச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் ஒரு ஊசி போட்டு, அதற்குப் பிறகு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். கட்டளை மூளையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தால், அதை எழுப்பிவிட்டது எது என்று மூளைக்குள் பார்ப்பதுதானே முறை? அதற்குத்தான் ஸ்கேன். 6 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்கும், வயது எதுவானாலும் பையன்களுக்கும் இதை வழக்கமாகவே எடுக்கச் சொல்கிறார்கள். 6 முதல் 8 வரையுள்ள பெண் குழந்தைகளில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படுவதில்லை என்பதால், எல்லாருக்கும் எடுக்க வேண்டுமா என்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

'மூளைவழி' என்று எழுதியிருந்தால் இத்தனையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கும். வாய்வழி மருந்து, தாய்வழிப் பாட்டன், மரபுவழி நோய் என்று நாம் தினமும் புழங்கும் அமைப்புதான். மூளை வழியாக வந்த முந்துபருவம். மூளையை ஏன் பார்க்கிறார்கள் என்ற கேள்வியே எழாது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'மத்திய' வடசொல் என்பதால் 'மைய' என்றோ 'நடுவண்' என்றோ மாற்றச் சொல்வார்கள். எனக்கும் தமிழ்ச்சொல்லில் ஆசை உண்டு. ஆனால் 'நடுவண் முன்பூப்பு' என்று எழுதினால் என்ன தெளிந்தது? வடசொல் போய்த் தமிழ்ச்சொல் வந்தது, இருட்டு அப்படியே இருக்கிறது. வேர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு முன், தாளைக் கையில் வைத்திருப்பவளுக்கு அது எதைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூளை என்றால் பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்ற மறுப்பைக் கேட்டிருக்கிறேன். ஆனால், காரணம் சொல்லாமல் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்வதைவிடப் பெரிய பயம் எது? பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் எதுவும் அகப்படாது என்பதையும், அகப்படுவதில் அடிக்கடி காணப்படும் ஹாமார்டோமா புற்றுநோய் அல்ல, பிறவியிலேயே இடம் தவறி அமைந்த திசு என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதலாம். அதை வெறும் 'மூளைக்கட்டி' என்று பெயர்ப்பவர்கள்தான் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள்.

பெயரை மாற்ற முடியாது என்பதும் சரியில்லை. 'சென்ட்ரல் டயபிட்டிஸ் இன்சிபிடஸ்' என்று, உடம்பில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் குறைந்து சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் ஒரு நோய். அதற்குச் சர்க்கரையோடு சம்பந்தமே இல்லை. பெயரிலிருக்கும் டயபிட்டிஸைப் பார்த்துக் குழம்பியதால் நோயாளிகளுக்கு ஆபத்து நேர்ந்தது. 2022-இல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களே கூடி, 'வாசோபிரசின் குறைபாடு' என்று காரணத்தைச் சொல்லும் பெயருக்கு மாறச் சொன்னார்கள். ஆங்கிலமே தன் பழைய பெயரைக் கழற்றும்போது நாம் அதன் நிழலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூளை சும்மா இருக்க வரும் அந்த மற்ற வகை முந்துபருவத்துக்கு முதலில் 'சுரப்பிவழி' என்று நினைத்தேன். பிட்யூட்டரியும் சுரப்பிதான் என்பதால் கைவிட்டேன். 'மூளைசாரா முந்துபருவம்' போதும். 'இமேஜிங்' வேண்டியதில்லை, 'ஸ்கேன்' எல்லாருக்கும் தெரியும். கணினித்துறையில் ஸ்கேனரை 'வருடி' என்று வைத்ததைப் பார்த்து 'மூளை வருடல்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வருடல் தாயின் கை செய்வது.

நாத்தனாருக்கு இப்படித் தட்டி அனுப்பினேன்: "பருவ மாற்றத்தைத் தொடங்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து சீக்கிரமே வருகிறதோ என்று சந்தேகம். அதனால் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்." இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "புரியுது அண்ணி. மெஷின் ரொம்பச் சத்தம் போடுமா? மயக்க மருந்து கொடுப்பாங்களா?"

சத்தம் பலமாகத்தான் இருக்கும், காதுக்கு அடைப்பு வைப்பார்கள், எக்ஸ்ரே கதிர் கிடையாது. அசையாமல் படுத்திருக்க முடியாத சின்னக் குழந்தை என்றால் தூங்கவைத்து எடுப்பார்கள், அதை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள் என்று எழுதினேன்.