கார்னெட்டின் நிறத்தைக் கேளுங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், துளையிட்டு எடுத்த பாறை உருளைகளைப் பார்த்து, பெட்டி பெட்டியாக ‘கார்னெட் ஸ்கார்ன்’ என்று ஒரே பெயரை எழுதிக் கொடுத்தேன். மூத்த புவியியலாளர் குறிப்பேட்டைத் திருப்பித் தந்து, “என்ன நிறம்?” என்று மட்டும் கேட்டார். அத்தனை பெட்டிகளையும் மறுபடி திறந்து பார்த்தேன். இன்று நானும் இளையவர்களிடம் முதலில் அதையே கேட்கிறேன்.

சுண்ணாம்புப் பாறைக்குள் மாக்மா ஊடுருவும்போது, அதிலிருந்து கசியும் வெப்பக் கரைசல் சுண்ணாம்போடு வினைபுரிந்து உண்டாக்கும் பாறைதான் ஸ்கார்ன்; அதில் மணி மணியாக வளரும் கனிமம் கார்னெட். ஸ்கார்னில் உலோகங்கள் கலந்துகிடப்பதில்லை; வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கின்றன.

பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள அந்தமினா சுரங்கத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். 2001 முதல் செம்பும் துத்தநாகமும் தரும் சுரங்கம் அது. நடுவில் உள்ள ஊடுருவல் பாறையில் மாலிப்டினம். அதைச் சூழ்ந்த பழுப்பு கார்னெட்டில் செம்புத் தாதுவான சால்கோபைரைட், துத்தநாகம் சொற்பம். பச்சை கார்னெட் தொடங்கும் இடத்தில் துத்தநாகமும் சேர்ந்துகொள்கிறது. வெப்பத்தில் சுண்ணாம்புப் பாறை மாறி உண்டான சலவைக்கல்லை ஒட்டி, வொல்லாஸ்டனைட் என்ற வெள்ளைக் கனிமத்தின் விளிம்பில் இன்னொரு செம்புத் தாதுவான போர்னைட் வருகிறது; கூடவே, உருக்காலைகள் விரும்பாத பிஸ்மத் உலோகமும். கரைசல் வெளியே செல்லச் செல்லக் குளிர்கிறது, சுண்ணாம்பு அதன் அமிலத்தைக் குறைக்கிறது. செம்பில் பெரும்பகுதி முன்னதாகவே படிந்துவிட, துத்தநாகமும் ஈயமும் இன்னும் தூரம் பயணிக்கின்றன.

இன்னொன்று: கார்னெட் செழித்திருந்தால் தாதுவும் செழித்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கார்னெட் கடும் வெப்பத்தில் முதலில் வளர்ந்துவிடும். உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த சல்ஃபைடு தாதுக்களில் பெரும்பகுதி, பாறை குளிரும் காலத்தில் விரிசல்களிலும் கார்னெட் மணிகளுக்கு இடையிலும் வந்து படிகிறது.

எனக்குப் பெரிய கவலை கழிவுப்பாறைக் குவியல்தான். சுண்ணாம்பு இருப்பதால் அமிலநீர் வராது, ஆகவே ஆபத்தில்லை என்று பலரும் நிம்மதியடைகிறார்கள். அமிலம் தணிந்தால் இரும்பும் செம்பும் பெரும்பாலும் படிந்துவிடும், உண்மைதான். ஆனால் துத்தநாகமும் மாலிப்டினமும் நடுநிலை நீரிலும் கரைந்தே ஓடக்கூடியவை. பி.எச். அளவு ஏழு என்று காட்டும் ஓடையிலும் அவை இருக்கலாம். எல்லா வளையங்களின் பாறையையும் ஒன்றாக அரைத்துச் சோதித்தால், துத்தநாகம் மிகுந்த வளையம் சராசரிக்குள் மறைந்துபோகும்.

சுரங்க அறிக்கை ஏதேனும் உங்கள் கைக்கு வந்தால் முதலில் தேடவேண்டியது இதைத்தான்: ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனியாக மாதிரி எடுத்தார்களா? ஓடை நீரில் துத்தநாகத்தையும் மாலிப்டினத்தையும் அளந்தார்களா?