கதிரியக்கச் சாயமா, தடங்காட்டியா?

போன மாதம் பெரியம்மாவை பெட் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருந்தேன். மறதி கூடிக்கொண்டே போகிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது. கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் ‘கதிரியக்கச் சாயம் ஊசி மூலம் செலுத்தப்படும்’ என்று இருந்தது. பெரியம்மா இரண்டு தரம் படித்துவிட்டு, “ஏம்ப்பா, மூளையில சாயம் ஏறினா அப்புறம் போகுமா?” என்றார். செய்திகளிலும் இதே சொல்லைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

ஆங்கிலத்தில் இது டிரேசர். இழுத்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து கோடு, தடம் என்று வளர்ந்த சொல். இந்த உத்திக்கு முன்னோடி ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளர் ஹெவெசி. ஈயத்திலிருந்து ரேடியம் டி என்ற கதிரியக்கப் பொருளைப் பிரிக்கப் பாடுபட்டும் முடியவில்லை. சரி, பிரியாதது ஈயம் போகும் வழியெல்லாம் கூடவே போகுமே, கதிரை வைத்து வழியைக் கண்டுபிடிக்கலாமே என்று 1913-இல் அதையே கருவியாக்கினார். 1943-க்கான நோபல் பரிசு இதற்குத்தான். அவர் முதலில் வைத்த பெயருக்கே ‘காட்டி’ என்றுதான் பொருள்.

சாயம் என்றால் நிறம் ஏற வேண்டும், ஏறியது ஒட்ட வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. ஊசியில் இருப்பது தண்ணீர் போல நிறமற்றது. திரையில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் கணினி போட்ட வண்ணம். மறதி நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைக் காட்டும் ஃப்ளோர்பெட்டாபிர் என்ற மருந்து ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டாது. சிடி ஸ்கேனுக்குப் போடும் ‘டை’யோ கிராம் கணக்கில் ஏறும் அயோடின் மருந்து, சிறுநீரகம் பழுதானவர்கள் அதற்கு அஞ்சக் காரணம் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் அந்தப் பயம் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சாயத்துக்காக வாதாட ஒரே ஒரு இடம் இருக்கிறது. அமிலாய்டைக் காட்டும் இன்னொரு ஊசி மருந்தான பிட்ஸ்பர்க் சேர்மம் பி-யின் தாய் தயோஃபிளேவின் டி என்னும் அசல் சாயம். இறந்தவர் மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அதைப் பூசிப் பார்ப்பார்கள். அதன் மின்னேற்றம் அதை உயிருள்ள மூளைக்குள் நுழைய விடாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கிளங்க், மேத்திஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்த மின்னேற்றத்தை நீக்கி, கார்பன்-11 என்ற கதிரியக்கக் கார்பனைப் பொருத்தினார்கள். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் நைட்ரஜன் வாயுமேல் புரோட்டான்களை மோதவிட்டுச் செய்யும் இந்தக் கார்பன் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதற்குள் ஈயச் சுவருக்குப் பின்னால் வேதிவினை முடித்து, சுத்தம் செய்து, சோதித்து, பக்கத்து அறைக்கு ஓட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 64-இல் ஒரு பங்குதான் மிச்சம். இப்படி ஓடி மறைவதற்கா சாயம் என்று பெயர்?

டிரேசருக்குச் சுவடறிவான் என்றொரு தமிழ்ச் சொல்லும் உண்டு. சுவடு நல்ல சொல்தான். ஆனால் அறிவது அந்த மருந்தல்ல, நோயாளியைச் சுற்றி வளையமாக நிற்கும் உணர்விகள். மருந்து தடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் தடங்காட்டி. திசைகாட்டி, வழிகாட்டி என்று பழகிய வாய்க்கு இது புதிதாகவும் தோன்றாது. அகராதியில் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறவரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கக் கூடாதா?

பெரியம்மாவிடம், “சாயம் இல்ல பெரியம்மா, தடம் காட்டுற மருந்து. நாளைக் காலையில கதிரெல்லாம் அடங்கிடும்” என்றேன்.

“அப்படியே எழுதியிருக்கலாமே” என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.