பூட்டுப் படம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து போன வாரம் கூப்பிட்டார்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வெளியே போயிருந்தது. போய்ப் பார்த்தால், சர்வரில் ஓடுவது அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளின் 2.4.49 வெர்ஷன். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. அந்த வெர்ஷனில் இருக்கும், வெளியாள் சர்வர் கோப்புகளை எடுக்கவிடும் ஓட்டை 2021 அக்டோபரிலேயே சிவிஇ-2021-41773 என்ற எண்ணோடு (பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்) அறிவிக்கப்பட்டு, அடைக்கப்பட்டும் ஆயிற்று.

"எஸ்எஸ்எல் போட்டிருக்கோமே தம்பி, பூட்டு காட்டுதே" என்றார் முதலாளி.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டால் பிரௌசரில் தெரியும் அந்தப் பூட்டு, பிரௌசருக்கும் சர்வருக்கும் நடுவே போகும் பேச்சை வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் பார்த்துக்கொள்ளும். பேசுவது உங்கள் சர்வரோடுதான் என்று உறுதி சொல்லும். அதோடு சரி. கேட்பவன் யார், கேட்கும் கோப்பைக் கொடுக்கலாமா என்றெல்லாம் அது பார்க்காது. திருடன் கேட்டால் அவனுக்கும் அதே பூட்டுக்குள் வைத்து, யார் கண்ணிலும் படாமல், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இலவசச் சான்றிதழை மாற்றி விலை கூடினதை வாங்கினாலும் இதேதான். சாதாரண ஃபயர்வாலும் உதவாது; வெப்சைட்டுக்கு வருபவர்கள் நுழையும் 443 போர்ட்டைத் திறந்துவிட்டதே நாம்தானே!

அங்கே அக்சஸ் லாகை, யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவை, திறந்தேன். வரிசையாக 404 (இல்லை), 403 (அனுமதி இல்லை). நடுவே சில 200கள் (கேட்டதைக் கொடுத்தாயிற்று). கேட்ட முகவரியில் ஐகான்ஸ் கோப்புறையின் பெயர், பின்னாலேயே புள்ளிகளும் சாய்கோடுகளும்: மேல் கோப்புறைக்குப் போ, இன்னும் மேலே போ. இரண்டாவது புள்ளியைக் குறியீடாக மாற்றி எழுதியிருந்ததால் 2.4.49 அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது. முதலில் லினக்ஸின் பயனர் பட்டியலைக் கேட்டிருக்கிறான். அது கதவு திறக்கிறதா என்று பார்க்க. அடுத்து அப்ளிகேஷனின் கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு. சர்வரில் புரோகிராம்களை ஓட்டவிடும் சிஜிஐ மாட்யூல் ஆனில் இருந்திருந்தால் கட்டளைகளையே ஓட்டியிருப்பான், நல்லவேளை, இல்லை.

"நம்ம கம்பெனியை யாரு தேடி வரப்போறாங்க?" என்பது அடுத்த கேள்வி. யாரும் தேடி வரவில்லை. பாட்கள், அதாவது தானாக ஓடும் புரோகிராம்கள், ஐபி முகவரி வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகின்றன.

வெர்ஷனை இன்றைக்கே பாருங்கள். 2.4.50-க்கு மாறிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்; அந்தத் திருத்தம் அரைகுறை, குறியீட்டையே மறுபடி குறியீடாக்கினால் அதுவும் ஏமாந்தது. அதற்காக 2.4.51 வந்தது. இப்போதைய வெர்ஷனுக்கே போங்கள். அப்டேட் செய்தபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோப்பு புதிதாகியும் பழைய புரோசஸே ஓடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்க்கிறேன். டாக்கர் ஃபைலில் (சர்வரை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) பழைய வெர்ஷன் எண்ணை எழுதி வைத்திருப்பவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

கான்ஃபிகரேஷனில் ரூட் கோப்புறைக்கு (எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது) 'ரிக்வயர் ஆல் டினைடு', அதாவது யாருக்கும் அனுமதி இல்லை என்ற வரி இருக்கிறதா? இருந்தால் இந்த ஓட்டை கோப்புகளைத் தராது. அம்பத்தூரில் 'ஏதோ வேலை செய்யலை'யென்று எவரோ 'கிராண்டட்' (அனுமதி உண்டு) என்று மாற்றிவிட்டிருந்தார்கள். அப்புறம், வெப் கோப்புறைக்குள் கிடக்கும் பேக்கப் ஜிப்களை வெளியே எடுங்கள், தயவுசெய்து. அவற்றை எடுக்க எந்த ஓட்டையும் வேண்டாம், பெயரை ஊகித்தால் போதும்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டால் போன பாஸ்வேர்டு திரும்பி வராது. அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு பாஸ்வேர்டையும், சாவியையும் மாற்றுங்கள். அவசரத்தில் சர்வரை ஃபார்மட் அடித்துவிடாதீர்கள், லாகும் டிஸ்க் நகலும் வேண்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; லாகை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். அம்பத்தூரில் இருந்தது 7 நாள் லாக். அதற்கு முன்னால் என்னென்ன போயிற்று என்று முதலாளி கேட்கிறார். பதில் சொல்ல லாக் இல்லை.