ஊதா மனிதர்களைத் தின்னும் ஜந்துவின் தொண்டை எவ்வளவு நீளம்?

வாட்ஸ்அப் குரல் பதிவை 2x வேகத்தில் கேட்டாலும் பேசுகிறவர் குரல் மாறுவதில்லை. பழைய கேசட் வேகமாக ஓடினால் மட்டும் ஏன் எல்லாரும் கீச்சுக் குரலில் பேசுகிறார்கள்? வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த ஒரு பாட்டிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

1958இல் அமெரிக்காவில் ஷெப் வூலி பாடிய 'தி பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்'. வூலி ஒக்லஹோமாக்காரர், கௌபாய் படங்களில் நடித்தவர். நண்பரின் பிள்ளை சொன்ன ஒரு கடி ஜோக்தான் பாட்டுக்கு விதை. ஒற்றைக் கண், ஒற்றைக் கொம்பு, பறக்கவும் செய்யும் ஜந்து ஒன்று, ராக் அண்ட் ரோல் குழுவில் சேர பூமிக்கு வருகிறது. அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் ஆறு வாரம் முதலிடம்!

ஜந்துவின் கீச்சுக் குரல் டேப்பின் வேகத்தைக் கூட்டி எடுத்தது. அதே ஆண்டு 'விட்ச் டாக்டர்' பாட்டில் ராஸ் பக்தசாரியனும் இதைச் செய்தார்: டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பாடி, முழு வேகத்தில் ஒலிக்கவிட்டார். அதிர்வெண் இரட்டித்தது; சுருதி ஒரு ஸ்தாயி ஏறியது. இதுவரை பள்ளிப் பாடம்.

ஆனால் ஓர் ஆண் கள்ளக்குரலில் ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினாலும் குட்டி ஜந்துவாகக் கேட்பதில்லையே! காரணம், குரல்வளையிலிருந்து உதடு வரையுள்ள குழாய். வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 செ.மீ. ஒருபுறம் மூடிய அந்த நீளக் குழாய் ஏறக்குறைய 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் குழாய் அதேதான். டேப்போ எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிக்கிறது: 1000, 3000, 5000. எட்டரை செ.மீ. குழாய்தான் அப்படி ஒலிக்கும். கிட்டத்தட்ட கைக்குழந்தையின் தொண்டை! காது நம்மைக் கேட்காமலே நீளத்தை அளந்து, 'சின்ன உடம்பு' என்று சொல்லிவிடுகிறது. ஆண் செம்மான் கத்தும்போது குரல்வளையைக் கீழே இழுத்துக்கொள்வதும் இதே கணக்கில்தான்: குழாய் நீண்டால் உடம்பு பெரிதாகத் தோன்றும்.

நேற்று கணினியில் பாடிப் பார்த்தேன். குரலில் விநாடிக்கு ஆறு அசைவு இருந்தால் வேகம் கூடியதும் பன்னிரண்டாகி, ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஆகிவிடுகிறது. அசைக்காமல், ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பாட வேண்டும். லேசான வேலை இல்லை.

வாட்ஸ்அப் அலையைச் சுருக்குவதில்லை. ஒலியைத் துணுக்குகளாக நறுக்கி, சிலவற்றை விட்டுவிட்டு, மீதியை ஒட்டுகிறது. குழாய் நீளம் மாறாததால் அத்தை அத்தையாகவே இருக்கிறார்.

பெரியவர்களின் குரலில் பழகிய கணினிகள் குழந்தைகளின் பேச்சில் திணறுவதற்கும் இந்தச் சின்னக் குழாய் ஒரு காரணம். தமிழ்க் குழந்தைகளின் குரலை அளந்து பதியும் ஆய்வுக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வூலியின் பாட்டு முடியும்போது ஜந்து தன் தலைக் கொம்பாலேயே இசை ஊதும். அது சாக்ஸபோன், அதற்கும் வேகம் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பித்தளைக் குழாயும் சுருங்கி, ஜந்துவின் கொம்பு அளவுக்கு வந்துவிட்டது.