இறக்கை தொய்ந்த டிங்கி விமானங்கள்: வாங்கும் முன் ஒரு வார்த்தை

உலோகப் பழம்பொருள்களைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மை விமானங்கள் அவ்வப்போது என் மேசைக்கு வருகின்றன. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் வார்த்து விற்ற இந்தச் சிறு மாதிரிகளில், இம்பீரியல் ஏர்வேஸின் என்சைன், நீரில் இறங்கும் எம்பயர், டக்ளஸ் டிசி-3 போன்ற புரொப்பெல்லர் விமானங்களுக்கு இன்றும் நல்ல கிராக்கி. கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: விரிசலை ஒட்டித் தர முடியுமா? ஒட்டலாம், ஆனால் அருகிலேயே வேறோர் இடம் பிளக்கும்.

காரணம் உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த மாதிரிகளுக்குப் பயன்பட்டதைப் போல, துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம் சேர்த்து வார்க்கும் கலவைக்கு மிகத் தூய்மையான துத்தநாகம் தேவை. இன்றைய தரநிலைகள் ஈயத்தை ஏறத்தாழ 0.005 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அன்று உலோகத்தை உருக்கிய கலங்களில் ஈயம் கலந்த கழிவுகளும் விழுந்தன. அந்த மாசு உலோகத்தின் நுண்படிகங்களுக்கு இடையிலான எல்லைக்கோடுகளில் தங்கிவிட, ஈரப்பதமும் வெப்பமும் சேரும்போது அரிப்பு அக்கோடுகள் வழியே உள்ளே ஓடுகிறது. அரிப்பில் உண்டாகும் பொருள் அதிக இடத்தைப் பிடிப்பதால், வார்ப்பு முதலில் உப்புகிறது, பிறகு வளைகிறது, கடைசியில் உதிர்கிறது. இதை நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. அதேவேளை, இது ஒரு மாதிரியிலிருந்து பக்கத்து மாதிரிக்குத் தொற்றுவதும் இல்லை. பலர் வீணாக அஞ்சுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் மாதிரியைச் சமமான கண்ணாடிப் பரப்பில் வைத்து, இரு இறக்கை நுனிகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு நுனி தாழ்ந்திருந்தாலோ, சாய்வாக விழும் விளக்கொளியில் இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தாலோ, வண்ணம் எவ்வளவு பளபளத்தாலும் சந்தேகப்படத்தான் வேண்டும். பளபளப்பே சில சமயம் சந்தேகத்துக்குக் காரணம்: பிளவில் பசை நிரப்பி மேலே புதிதாக வண்ணம் பூசி விற்பவர்கள் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் பழைய பூச்சும் புதிய பூச்சும் பெரும்பாலும் வேறு வேறாக ஒளிரும். போருக்குப் பிந்தைய வைக்கவுண்ட், பிரிட்டானியா மாதிரிகளில் இந்தத் தொல்லை அரிது.

நல்ல நிலையில் உள்ளவற்றை, ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாத, வெப்பம் ஏறி இறங்காத அலமாரியில் வையுங்கள். ஓக் மரப் பெட்டி கண்ணுக்கு அழகுதான். அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி துத்தநாகத்தின் மேற்பரப்பில் வெண்பொடி பூக்கச் செய்துவிடும். மூடிய பெட்டியாக இருந்தால் சிலிக்கா ஜெல் போட்டு, அது ஈரம் உறிஞ்சியதும் மாற்றுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதை அடியோடு தவிருங்கள். பிள்ளைகள் விளையாடவும் கொடுக்க வேண்டாம்.

உடல் சிதைந்தே போன மாதிரியின் தகட்டுப் புரொப்பெல்லர்களையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். உடல் திடமாக இருந்தும் புரொப்பெல்லரைத் தொலைத்த இன்னொன்றுக்கு அவை உதவும். அப்படி மாற்றிப் பொருத்தியதைக் குறித்து வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.