அட்டவணை ஏன் நாலு நாள்தான் தாங்குகிறது?

எழுவது, பல் தேய்ப்பது, மாத்திரை, குளியல், டிபன் என்று வரிசையாக எழுதி பீரோ கதவில் ஒட்டியாயிற்று. நாலு நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் அந்தத் தாள் கண்ணிலேயே படாது. சரி, மறதி என்று விட்டுவிடலாமா? முடியாது. குளியலறையில் வேறு யாராவது இருந்து வரிசை குலைந்தால் காலை முழுக்கப் பதற்றம். கடைப்பிடிக்கவும் முடிவதில்லை, குலைந்தால் தாங்கவும் முடிவதில்லை. ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச்சிதறலும் துறுதுறுப்பும் மிகும் நிலை) இரண்டும் உள்ள பலருக்கு இதுதான் அன்றாடம்.

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கலாம் என்பதையே மருத்துவ உலகம் தாமதமாகத்தான் ஏற்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில், 1994 பதிப்பின்படி, ஆட்டிசம் என்று முடிவானவருக்கு ஏடிஎச்டி என்றும் எழுதக் கூடாது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் பலருக்கு சோம்பேறி, பிடிவாதக்காரர் என்று பட்டம் கட்டியாகிவிட்டது.

ஒழுங்கு வேண்டும் என்று தவிப்பது ஒரு வேலை, அதை நடத்துவது வேறு வேலை. தவிப்பு ஆட்டிசத்தின் பக்கம். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எதுவும் மாறக் கூடாது என்ற அவர்களின் பதைப்பைக் குறித்திருக்கிறார். அடுத்து வருவது முன்பே தெரிந்தால் சத்தம், வெளிச்சம், ஆட்கள் எல்லாவற்றையும் சமாளிப்பது எளிது.

நடத்துவதற்கோ, உரிய நேரத்தில் நினைவு வர வேண்டும். நேரம் ஓடுவது உறைக்க வேண்டும். கையிலிருப்பதை விட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். ஏடிஎச்டியில் தடுமாறுவது இவைதான். புது அட்டவணைக்குப் புதுமையே உந்துதல். ஆனால் ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக நாளாகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான ஆட்களுக்கே அதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. புதுமையோ அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் தள்ளிவிட ஆளில்லை. மன உறுதியைக் குறை சொல்வது வீண் என்பேன்.

ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து, மூளையில் ஊக்கத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் கிடைப்பதைக் கூட்டி, அந்தத் தள்ளலைக் கொஞ்சம் தரும். வேடிக்கை என்னவென்றால், அதைத் தினமும் நினைவாகப் போடுவதற்கே ஒரு ஒழுங்கு வேண்டும்!

அதனால் மணி பார்த்து ஓடும் அட்டவணையைவிட, ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை பலருக்கு உதவுகிறது. எட்டரைக்கு எழுந்தாலும் பல் தேய்த்ததும் மாத்திரைதான். டிபனுக்கு அதே இடம், அதே தட்டு. உள்ளே இருப்பது மட்டும் இட்லி, தோசை, உப்புமா என்று சுற்றி வரலாம். மாத்திரை அட்டை பிரஷ் வைக்கும் குவளையிலேயே இருக்கட்டும். கண்ணுக்குப் பழகி மறைந்துபோனால் இடத்தை மாற்றலாம். வீட்டில் மற்றவர்கள் மாற்றுவதாக இருந்தால் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாற்றினால் மாத்திரையோடு அந்தக் காலையும் போய்விடும்.